இரண்டு பல் முன்னால்

மலை இல்லாத ஊரில்
மலையேறும் வண்டி வாங்கியிருக்கிறேன்.
பாண்டிச்சேரி எண்ணை மாற்றப் போனபோது
கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலக எழுத்தர் கேட்டார்:
"எஸ்டேட் எங்க சார், ஏற்காடா?"
மஞ்சக்குப்பத்தில் இரண்டு படுக்கையறை,
ஒரு எலுமிச்சை மரம் என்றேன்.
கையெழுத்து போடுமுன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

முதல் வண்டி வெள்ளி நிறம்.
அதற்குக் கடன் உண்டு, ஏ.சி. உண்டு,
சிப்காட்டுக்குப் போகும், வரும்,
பண்ருட்டிக் கல்யாணங்களுக்குப் போகும்,
மழையை வெளியிலேயே நிற்க வைக்கும்.

இதற்கு ஜன்னல் என்பது
ஜிப் வைத்த பிளாஸ்டிக் தாள்.
ஜிப் பாதியில் நிற்கும்.
மழை வந்தால் மூவர் நனைவோம்:
நான், கியர், ஆர்.சி. புத்தகம்.
இடப்பக்கம் திருப்பினால்
ஹாரன் தன் பாட்டுக்கு அடிக்கும்.
தெருநாய்கள் ஒரு வாரம் குரைத்தன.
பிறகு அடியில் புகுந்து படுத்துக்கொண்டன,
கூரை நல்ல உயரமாம்.

தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அலுவலர்.
தொப்பி போடு, கயிறு கட்டு, வால்வைத் தொடாதே.
மூன்று ஷிப்டுக்கும் இதையே சொல்லி
இருபத்திரண்டு வருடம்.
ஒரு சனிக்கிழமை
'விபத்தில்லா நாட்கள்' பலகையில்
நானூற்றுப் பத்தை அழித்து
நானூற்றுப் பதினொன்று எழுதினேன்.
சாக்பீஸ் தூசியோடு அப்படியே பஸ் ஏறி
பாண்டிச்சேரியில் ஒரு பல் டாக்டர் விற்ற வண்டியை
பிரேக் பிடிக்கிறதா என்றுகூடக் கேட்காமல்
ஓட்டி வந்துவிட்டேன்.
பிடித்தது. ரெட்டிச்சாவடி தாண்டித்தான் தெரிந்தது.

அறிவுக்கொடிக்குக் கூட்டுறவு வங்கியில்
நகைக்கடன் பிரிவு.
எதையும் உரசாமல் எடை போடமாட்டாள்.
வண்டியை ஒரு சுற்று சுற்றினாள்.
காலால் டயரைத் தொட்டாள்.
"இதுல தங்கமே இல்லீங்க,
செய்கூலி, சேதாரம் மட்டுந்தான் இருக்கு."

முதல் ஞாயிறே தேவனாம்பட்டினம் மணலில் புதைந்தேன்.
முன்சக்கரம் தோண்டியது. பின்சக்கரம் தோண்டியது.
நான்கும் இழுக்கும் என்று டாக்டர் சொன்னது பொய்யில்லை,
கீழ்நோக்கி.
படகு இழுக்கும் டிராக்டரோடு
அஞ்சப்பன் வந்தார்.
டயர் காற்றைப் பாதி இறக்கச் சொன்னார்,
கயிற்றை மாட்டினார்,
கரைக்கு வந்ததும் கேட்டார்:
"இத வச்சு என்னாதான் பண்ணுவீங்க?"
யோசித்தேன்.
அவருக்கு நேரமில்லை, ரெண்டு படகு காத்திருந்தது.
முந்நூறு வாங்கிக்கொண்டார்.
நியாயமான கூலி.

கேப்பர் மலை மலையே இல்லை,
செம்மண் மேடு.
ஆனாலும் முந்திரிக்கு நடுவே
மழை அறுத்த ஓடைத்தடம் ஒன்றிருக்கிறது.
சின்ன லிவரைப் பின்னால் இழுத்து
முதல் கியரில் விட்டால்
வண்டி எருமைபோல
யோசித்து யோசித்து ஏறும்.
கால் சும்மா இருக்கும்.
ஒரு கல் வரும். அதைக் கடக்கும்வரை
அடுத்த கல் உலகத்தில் இல்லை.
மேலே எஞ்சினை அணைத்தால்
கடல் ஒரு கோடு.
அதன் முன்னால்
என் புகைபோக்கிகள், என் வால்வுகள், என் பலகை
எல்லாம் கட்டைவிரலுக்குப் பின்னால் மறையும்.
ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதை அஞ்சப்பனிடம் சொல்லியிருக்கலாம்.
அறிவுக்கொடியிடமும்.

போன வியாழன் இரவுப் பணி முடிந்து வந்தேன்.
ஓட்டுநர் இருக்கை
இரண்டு பல் முன்னால் நகர்ந்திருந்தது.
கண்ணாடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது.
டயர் வரிகளில் ஈரச் செம்மண்.
மீட்டரில் இருபத்து மூன்று கிலோமீட்டர் கூடுதல்.
ஜிப், முழுக்க மூடியிருந்தது!

தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.
"ராத்திரி மழையா?" என்றேன்.
"எனக்கென்ன தெரியும், தூங்கிட்டேன்."
காதோரம் செம்மண் ஒரு துளி
காய்ந்துகொண்டிருந்தது.

இருக்கையைப் பின்னால் தள்ளவில்லை.
முட்டி ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க
பங்க் வரை போய்
டீசல் நிரப்பி
அதே இடத்தில் நிறுத்தினேன்.